பத்திரம்... பத்திரம்!

மருந்து கம்பெனிகளும் பெரிய ஆஸ்பத்திரிகளும் கட்சிகளுக்குக் கோடி கோடியாகக் கொடுக்கிறார்களாமே? எங்கள் ஊரில் பத்துப் பேர் சேர்ந்தால் என்ன செய்துவிட முடியும்?
– வாசகர் ஒருவர், பென்னாகரம்

கொடுத்தது உண்மைதான். பெயரை வெளியே சொல்லாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை 15.2.2024 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகுதான், பத்திரம் வாங்கியவர்களின் பட்டியலே வெளியே வந்தது. ஐதராபாத் யசோதா மருத்துவமனை மட்டும் 162 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அதுவரை ரகசியம் ரொம்பப் பத்திரமாக இருந்தது! திட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் ஒன்று. அதுவும் குடிமக்கள் அமைப்புதான்.

பத்துப் பேர் தாராளம். 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர்களின் விவரத்தைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தந்தாக வேண்டும். ஆணையத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதை அச்செடுத்து, மருந்து கம்பெனி, ஆஸ்பத்திரிப் பெயர்களுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போடுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நீட்டி, 'இவர்களிடம் வாங்கிவிட்டு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காகப் பேசுவீர்களா?' என்று கேளுங்கள். கூட்டமாக நின்று கேளுங்கள். தனி ஆளென்றால் தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

தேர்தல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். டாக்டர் பணியிடம், மருந்து இருப்பு பற்றிக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். நகலை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் தருமபுரி கலெக்டர் ஆபீஸ் போங்கள். பத்துப் பேரும் போங்கள்.