படகில் ஏன் எழுந்து நிற்கக் கூடாது?

பள்ளிச் சுற்றுலாவில் கொடைக்கானல் ஏரிக்கோ பிச்சாவரத்துக்கோ சென்றிருப்பீர்கள். படகு கரையை விட்டு நகர்ந்ததும் படகோட்டி சொல்வது என்ன? "எழுந்திருக்காதீங்க, உட்காருங்க!" பலர் அதைக் காதில் வாங்குவதில்லை. ஆனால் அந்த எச்சரிக்கைக்குள் ஒரு பௌதிகப் பாடமே அடங்கியிருக்கிறது.

மிதக்கும் படகின்மீது இரண்டு விசைகள் செயல்படுகின்றன. படகும் பயணிகளும் சேர்ந்த மொத்த எடை, ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. நீரின் மிதப்பு விசை, மிதப்பு மையத்தின் வழியே மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு சமநிலையில் இருக்கும்போது இவ்விரு மையங்களும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும்.

படகு வலப்புறம் சாய்வதாகக் கொள்வோம். அப்பக்கம் அதிகமாக நீரில் அமிழ்வதால் மிதப்பு மையமும் வலப்புறம் நகர்கிறது. அங்கே மேல்நோக்கிய விசை, இங்கே கீழ்நோக்கிய எடை. இரண்டும் சேர்ந்து படகை நிமிர்த்துகின்றன. ஆனால் ஈர்ப்பு மையம் மிக உயரத்தில் இருந்தால், சாயும்போது அதுவும் வலப்புறம் வெகுதூரம் சென்றுவிடும். மிதப்பு மையத்தையும் அது தாண்டிவிட்டால், நிமிர்த்த வேண்டிய அதே விசைகள் படகைக் கவிழ்த்துவிடும்!

ஒரு கணக்குப் போடுவோம். படகின் நிறை 150 கிலோகிராம். அதில் 50 கிலோகிராம் நிறையுள்ள நால்வர் அமர்ந்திருக்கின்றனர். நால்வரும் எழுந்து நின்றால் ஒவ்வொருவரின் ஈர்ப்பு மையமும் சுமார் 35 செ.மீ. உயரும். அப்போது மொத்த ஈர்ப்பு மையம் (200 × 35) ÷ 350 = 20 செ.மீ. உயர்ந்துவிடுகிறது. சிறிய படகுக்கு இது பெரிய மாற்றம்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். துளையில்லாத பிளாஸ்டிக் சோப்புப் பெட்டியின் நடுவில், களிமண்ணால் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நெல்லிக்காய் அளவு களிமண்ணைப் பென்சிலின் அடியில் ஒட்டி, வாளி நீரில் மிதக்க விடுங்கள். விளிம்பை இலேசாக அழுத்தி விட்டால் பெட்டி நிமிர்ந்துவிடும். இப்போது அதே களிமண்ணைப் பென்சிலின் உச்சியில் ஒட்டுங்கள். எடை மாறவில்லை; ஆனாலும் பெட்டி கவிழ்ந்துவிடும்.

எடை ஒரு பக்கமாகச் சேர்ந்தாலும் இதே ஆபத்துதான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், இரு தளங்கள் கொண்ட சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. பார்க்கும் ஆவல் இயற்கையே. ஆனால் இருந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நம் உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திக்குச் சமம். ஆகவே தலையை நீருக்கு மேல் நிறுத்தச் சில கிலோகிராம் மிதப்பு விசையே கூடுதலாகத் தேவை. லைஃப் ஜாக்கெட் என்னும் உயிர்காப்புச் சட்டை தருவது இதைத்தான். தண்ணீரில் விழுந்தபின் அதை அணிவது மிகக் கடினம். ஏறுமுன்பே வார்களை இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். படகு கவிழ்ந்தும் மிதந்துகொண்டிருந்தால், கரையை நோக்கி நீந்தப் புறப்படாமல் அதையே பற்றிக்கொள்ளுங்கள்.

அளவுக்கு மீறிக் கூட்டம் ஏறிய படகு வந்தால், "அடுத்த படகில் வருகிறோம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அரைமணி நேரம் தாமதமானால் நட்டமில்லை.