பட்டாளத்துக்காரரின் வழக்கை எடுத்திருக்கும் தம்பிக்கு



பழனியில் தொழிலைத் தொடங்கிய கையோடு ஆயக்குடிப் பட்டாளத்துக்காரர் ஒருவர் உன்னைத் தேடி வந்திருக்கிறார். எல்லையில் ஒரு காலை இழந்தவர். துபாயில் மகன் வீட்டில் இருந்தபோது செயற்கைக் கால் உரசி, துண்டித்த இடம் சீழ்பிடித்து, ஆஸ்பத்திரி பில்லோடு ஊர் திரும்பியவர். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அந்தப் பணத்தைக் கொடுக்குமா என்று கேட்டிருக்கிறாய்.

கொடுக்காது. முதலில் இதை அவரிடம் சொல்லிவிடு. கொய்யா விற்ற காசை ஃபீஸாக எடுத்து வருகிறவரை வாய்தா வாய்தாவாக இழுத்தடிப்பது நம் தொழிலுக்கு அழகல்ல.

2003 ஏப்ரலில் தொடங்கிய திட்டம் அது. போரில் ஊனமுற்றவர்களுக்குச் சந்தா கூடக் கிடையாது. உள்நாட்டில் அவசரத்துக்குப் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், 48 மணி நேரத்துக்குள் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொன்னால், மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸின் கட்டணப்படி பணம் கேட்கலாம். வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டால் திட்டத்தின் கார்டுக்கு மதிப்பில்லை. விலக்கு ஒன்றுதான்: நேபாளம். நம் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற கூர்க்காக்களுக்காகக் காத்மாண்டு, பொக்காரா, தரான் ஆகிய ஊர்களில் பாலிகிளினிக் நடத்துகிறார்கள். ஆக, எல்லை தாண்டி வைத்தியம் பார்க்கவே முடியாது என்று அரசு சொல்ல வழியில்லை.

மகன் பயணக் காப்பீடு எடுத்திருந்தும் பயனில்லை, முன்பே இருந்த பாதிப்பு என்று கம்பெனி மறுத்துவிட்டது என்கிறாய். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை. போரில் போன காலால் வந்த புண்தான் இது என்பதற்கு காப்பீட்டுக் கம்பெனியே தந்த சாட்சி அது. எந்தக் காயத்துக்காக அரசு பென்ஷன் தருகிறதோ, அதே காயத்தைக் காட்டித்தான் கம்பெனி கையை விரிக்கிறது. விதியை மாற்றச் சொல்லி அரசுக்கு நாம் போடும் மனுவில் இந்த முரணை முதல் பக்கத்திலேயே வை.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. ராணுவப் பணியால் வந்தது என்று அவர்கள் அரசு ஏற்ற ஊனத்துக்கு, முன்னாள் வீரர் எந்த நாட்டில் இருந்தாலும் வைத்தியச் செலவு கிடைக்கும். சாதாரணக் காய்ச்சலுக்குக் கிடைக்காது. நாமும் அந்த அளவோடு நிற்போம். எல்லா நோய்க்கும், எல்லாருக்கும் என்று கேட்டால் நிதித்துறை பக்கத்தைப் புரட்டக்கூட மாட்டார்கள். பணியில் ஊனமுற்றவர், அந்த ஊனத்தால் வந்த சிகிச்சை, சி.ஜி.எச்.எஸ். கட்டணம் வரை: இவ்வளவுதான் கேட்க வேண்டும். துபாய் பில்லில் பாதிகூடத் தேறாமல் போகலாம். ஆனாலும் உரிமை என்று பதிவாகும்.

சிவகாந்த் ஜா வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பத்திரியின் பெயர் பட்டியலில் இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்காதே, சிகிச்சை உண்மையாக நடந்ததா என்று பார் என்றது. அவர் சிவில் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர். ஆஸ்பத்திரிகளும் டெல்லி, மும்பையில் இருந்தவை. துபாய்க்கு அது நேரே பொருந்தாது. பொருந்தும் என்று வாதாடி உன் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே. மனுவில் துணைக்கு மட்டும் வை.

இவருக்குப் போர்க்காயம் என்பதால் ஊனம் பணியால் வந்தது என்பது உறுதி. அடுத்து உன்னிடம் வருகிறவர்களுக்கு அப்படி இருக்காது. ரத்த அழுத்தம், மனநோய், முதுகுவலி என்று வருவார்கள். மெடிக்கல் போர்டு பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். அங்கே உச்ச நீதிமன்றத்தின் தரம்வீர் சிங் தீர்ப்பைப் படி, 2013. வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பப்பட்ட சிப்பாய் அவர். சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் இல்லையென்றால் பணியில்தான் வந்தது என்று கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று தீர்ப்பானது. சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. பென்ஷன் வழக்கு அங்கேதான். பணியால் வந்தது என்ற அந்த ஒரு வரியை வாங்கிவிட்டால் வெளிநாட்டுச் செலவுக்கான கோரிக்கையும் அதன்மேல் நிற்கும்.

மனுவைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு அனுப்பு. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை (பி.பி.ஓ.), மெடிக்கல் போர்டு அறிக்கை, துபாய் ஆஸ்பத்திரிச் சுருக்கம், காப்பீட்டு மறுப்பு ஆகியவற்றின் நகல்களை இணை. ஆயக்குடியிலும் சுற்று ஊர்களிலும் இதே நிலையில் இருப்பவர்களைக் கேட்டுப் பார்த்து, அவர்கள் பெயரிலும் தனித்தனியாக மனு போடு. ஒரு மனு என்றால் விதிவிலக்கு என்று ஒதுக்குவார்கள்; பத்து வந்தால் கோப்பு தொடங்கியே ஆக வேண்டும்.