ஆட்டோ ஓட்டும் சகோதரிக்கு எந்த கிரெடிட் கார்டு நல்லது?



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அந்தக் குழுவில் ஒரு சகோதரி குழுக் கடனில் ஆட்டோ வாங்கி, பக்கத்து டவுனில் ஓலா, ஊபர் சவாரி ஓட்டுகிறார். கூட்டம் முடிந்ததும் ஒரு கார்டை எடுத்துக் காட்டினார். "பெட்ரோல் பங்க்ல ஒருத்தர், எல்லாம் ஃப்ரீதான், கையெழுத்து மட்டும் போடுங்கன்னு சொன்னாரு மேடம். எஃப்.சி. எடுக்கப் பணம் பத்தல. இந்த கார்டுல பத்தாயிரம் எடுத்தேன். ஒரே மாசத்துல ஆயிரம் ரூபா கூட கேக்கறாங்க. இது என்ன கணக்கு?" என்றார்.

அந்தக் கணக்கை எல்லோரும் சேர்ந்து போட்டுப் பார்த்தோம். உங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

கிரெடிட் கார்டு என்றால் என்ன?

ஏ.டி.எம். கார்டில் இருப்பது நம் பணம். கிரெடிட் கார்டில் இருப்பது வங்கியின் பணம், அதாவது கடன். மாதம் ஒரு தேதியில் பில் வரும். கெடு தேதிக்குள் முழுத் தொகையும் கட்டினால், பொருளுக்கும் பெட்ரோலுக்கும் செலவு செய்ததற்கு வட்டி இல்லை.

ரொக்கமாக எடுத்தால் இந்தச் சலுகை கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்தச் சகோதரிக்கு நடந்தது இதுதான்: எடுத்த கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90, நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வீதம் ஒரு மாத வட்டி 350, அதற்கு ஜி.எஸ்.டி. 63. மொத்தம் 1,003 ரூபாய்! குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் முதல் மாத வட்டி 100 ரூபாய்தான்.

"கொஞ்சம் கட்டினா போதும்" என்பது பொறி

பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று இருக்கும். 20,000 ரூபாய் பாக்கி, குறைந்தபட்சம் 1,000 கட்டச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்றரை வீதம் வட்டி 700, ஜி.எஸ்.டி. 126, ஆக 826. நாம் கட்டிய ஆயிரத்தில் அசலில் கழிவது வெறும் 174 ரூபாய். பாக்கி இருக்கும்வரை, புதிதாகப் போடும் பெட்ரோலுக்கும் போட்ட நாளிலிருந்தே வட்டி உண்டு. தினமும் பெட்ரோல் போடும் டிரைவருக்கு இதுதான் பெரிய அடி.

பெட்ரோல் சலுகை உண்மையில் லாபமா?

கார்டில் பெட்ரோல் போட்டால் பொதுவாக ஒரு சதவீதம் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். "அதைத் திருப்பித் தருகிறோம்" என்பதே பல கார்டுகளின் விளம்பரம். ரொக்கம் கொடுத்தால் அந்தக் கட்டணமே கிடையாதே! அதனால் இது லாபம் இல்லை, நஷ்டம் வராமல் தடுப்பதுதான். அதுவும் பல கார்டுகளில் ஒரே தடவையில் 400, 500 ரூபாய்க்குக் குறையாமல் போட்டால்தான் கிடைக்கும். தினம் 200, 300க்குப் போடுகிறவர்களுக்குப் பலன் இல்லை.

உண்மையான லாபம், செலவில் ஒரு பங்கைப் பணமாகவோ புள்ளியாகவோ தரும் கார்டில்தான். மாதம் 10,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, நூற்றுக்கு ஒரு ரூபாய் கிடைத்தால் வருஷம் 1,200. ஆண்டுக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி. 90 போனால் மிச்சம் 610. ஒரு மாதம் 20,000 பாக்கி வைத்தால் 826 போய்விடும். ஒரு வருஷ லாபம் ஒரே மாதத்தில் காலி!

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

1. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? முதல் வருஷம் மட்டும்தான் இலவசமா?
2. மாத வட்டி, தாமதக் கட்டணம் எவ்வளவு?
3. நாம் வழக்கமாகப் போடும் பங்க்கில் சலுகை உண்டா? கேஸ் வண்டிக்கும் உண்டா? மாதத்துக்கு உச்சவரம்பு என்ன?
4. சவாரித் தொழில் செலவுக்கு இந்த கார்டைப் பயன்படுத்தலாமா?
5. சம்பளச் சீட்டு இல்லாததால், வைப்புத் தொகையின் பேரில் கார்டு தருவீர்களா? (கட்டத் தவறினால் வைப்புத் தொகையில் பிடித்துக்கொள்வார்கள். கவனம்!)

நம் உரிமை

ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, நாம் கேட்காமல் கார்டு தரக்கூடாது. பாக்கியைக் கட்டிவிட்டு கார்டு வேண்டாம் என்றால் 7 வேலை நாளில் முடித்துத் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். முதலில் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

முடிவாக

எந்த கார்டு என்பதைவிட எப்படிக் கட்டுகிறோம் என்பதே முக்கியம். இன்று 400 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், இன்றைய சவாரிப் பணத்தில் 400-ஐ இன்றே தனியாக எடுத்து வையுங்கள். வாரா வாரம் சேமித்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. அப்படி எடுத்து வைக்க முடியாத மாதத்தில் கார்டைத் தொடாதீர்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ் போன்ற பெரிய செலவுக்குக் குழுவில் கேளுங்கள்.

அந்தச் சகோதரிக்கு அன்றே குழுவில் 11,000 ரூபாய் கடன் தீர்மானம் போட்டார்கள். மறுநாளே கார்டு பாக்கியைக் கட்டி முடித்துவிட்டார்.

கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுவில் யார் வீட்டில் கிரெடிட் கார்டு இருக்கிறது? கடைசி பில்லைக் கொண்டு வந்து, வட்டி எவ்வளவு என்று ஊக்குநரோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு தெரிந்தால் கடன் நமக்கு அடங்கும்!