பாரம்பரியமும் ஊர்வழக்கமும்



சர்வேசுரன் மனுஷனைத் தமது சாயலாகப் படைத்தார் என்று ஞானோபதேசத்தில் சிறுவயதிலேயே படிக்கிறோம். ஜென்மப்பாவம் நம் சுபாவத்தைக் காயப்படுத்தியதேயன்றி அந்தச் சாயலை அழிக்கவில்லை. காயம்பட்ட சுபாவத்திலிருந்து பிறந்த வழக்கங்களும் உண்டு. பழையவை என்பதால் அவை நல்லவை ஆகா. அப்போஸ்தலர் வழிவந்த பாரம்பரியம் வேறு, ஊர்வழக்கம் வேறு.

நம் மேற்றிராசனத்தில் இது பழைய வழக்கு. 1704-ல் பாப்பரசரின் பிரதிநிதி தூர்னோன் ஆண்டகை புதுச்சேரியில் விதித்த கட்டளைகளில் ஒன்று: பறையர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வீட்டுக்குள்ளும் குருக்கள் சென்று, வியாதிக்காரருக்குத் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கவேண்டும். இதற்கும் ஒரு கட்டளை வேண்டியிருந்ததே! 1744-ல் 14-ம் பெனெடிக்ட் பாப்பரசர் அவர்களுக்கென்று தனிக் குருக்களை நியமிக்க இணங்கினார், பிரிவினை நீடித்தது.

மனுஷருக்குள் இப்படிப் பாகுபாடு செய்வது தேவசித்தத்துக்கு விரோதம் என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாய்ப் போதித்தது. ஆயினும் 2008 மார்ச்சில், அன்று விழுப்புரம் ஜில்லாவிலிருந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டிக் கலகம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இரு தரப்பாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே ஜெபமாலை சொல்பவர்கள்.

அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கையில், நம் கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் அடக்கம் செய்யப்படுகிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.