ஓராண்டின் உடைக்கணக்கு

நம் விடுதியில் வரவு செலவுக் கணக்கு எழுதுவோர் பலர் உள்ளனர். உணவுக் கட்டணம், புத்தகச் செலவு, ஊருக்குப் போய்வரும் இரயில் கட்டணம் ஆகியவற்றை ஒரு ரூபாயும் பிசகாமல் எழுதி வைக்கும் நண்பர்களை நான் அறிவேன். ஆனால், வாங்கிய உடையை எத்தனை முறை உடுத்தினோம் என்று கணக்கு வைப்பவர் எவரேனும் உண்டா? சென்ற ஆண்டு நான் அக்கணக்கை எழுதினேன். 2024 ஜூலையில் தொடங்கி 2025 ஜூன் முடிய எழுதிய அந்த ஏடு எனக்குக் கற்பித்த பாடத்தை, இவ்வாண்டு புதிதாகத் தில்லிக்கு வந்துள்ள தம்பி தங்கையர்க்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கு பிறந்த கதை

என் ஊர் திருப்பூர். அப்பா பனியன் கம்பெனியில் தைப்பவர். உருப்படிக் கணக்கில் கூலி. ஆதலால் அன்றன்று தைத்ததை ஒரு சிறு நோட்டில் கோடு கோடாகக் குறித்து வைப்பார். சனிக்கிழமைச் சம்பளத்தன்று அந்த நோட்டே அவருக்குச் சாட்சி. அப்பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

எனக்குத் தில்லியில் முதுநிலை வேதியியலில் இடம் கிடைத்ததும் தெருவில் உள்ளோர் அனைவரும் அறிவுரை கூறினர். 'தில்லிக் குளிர் எலும்பைத் துளைக்கும்' என்றார் ஒருவர். 'கோட்டு இல்லாமல் போனால் பையன் திரும்பி வரமாட்டான்' என்றார் மற்றொருவர். அப்பா அஞ்சிவிட்டார். ஒரு வாரக் கூலிக்கும் மேற்பட்ட தொகையைக் கடன் வாங்கி, 4,800 ரூபாய்க்குத் தடித்த கோட்டு ஒன்று வாங்கி வந்தார். அதைப் பெட்டியில் வைத்தபோது, கம்பெனியில் மிஞ்சிய இன்டர்லாக் துணியில் தாமே தைத்த முழுக்கை உள்பனியன் இரண்டையும், 'இடம் இருந்தா இதையும் வெச்சுக்க சாமி' என்று ஓரத்தில் செருகினார்.

தில்லிக்கு வந்த சில நாட்களில் வேறொரு குளிர் என்னைப் பிடித்துக்கொண்டது. அது வெட்கம் என்னும் குளிர். வகுப்பில் ஒருவன் என் கட்டம்போட்ட சட்டையைப் பார்த்துச் சிரித்தான். அவன் என்னைப் பார்த்துத்தான் சிரித்தானா என்பது இன்றும் எனக்கு உறுதியில்லை. ஆயினும் அடுத்த ஞாயிறன்றே கடைத்தெருவுக்குப் போய், பளபளக்கும் பாலியெஸ்டர் சட்டைகள் மூன்று வாங்கினேன். பிறகு இரண்டு கால்சட்டை. பிறகு ஸ்வெட்டர். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு மாதம் 1,000 ரூபாய் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். நான்கு மாதம் அனுப்ப இயலவில்லை. அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏடு காட்டிய உண்மை

ஜூன் முப்பதாம் நாள் இரவு, என் உடைகள் அனைத்தையும் கட்டிலில் பரப்பினேன். விலையை உடுத்திய தடவைகளால் வகுத்தேன். கிடைத்த ஈவே ஒரு முறை உடுத்துவதற்கு நான் தந்த வாடகை.

பருத்திச் சட்டை மூன்று: விலை 1,800 ரூபாய், உடுத்தியது 240 முறை, வாடகை ஏழரை ரூபாய்.

பாலியெஸ்டர் சட்டை மூன்று: விலை 2,400 ரூபாய், உடுத்தியது 27 முறை, வாடகை ஏறத்தாழ 89 ரூபாய்.

முழுக்கை ஸ்வெட்டர்: விலை 1,600 ரூபாய், 41 முறை, வாடகை 39 ரூபாய்.

பழந்துணிச் சந்தையில் வாங்கிய கையில்லாக் கம்பளி ஸ்வெட்டர்: விலை 500 ரூபாய், 62 முறை, வாடகை எட்டு ரூபாய்.

கோட்டு: விலை 4,800 ரூபாய், 11 முறை, வாடகை 436 ரூபாய்.

கால்சட்டைக்கு 2,200 ரூபாயும், கழுத்துத் துணி, காலுறைகளுக்கு 350 ரூபாயும் சேர்த்தால் மொத்தம் 13,650 ரூபாய். இதில் பாதிக்கும் மேலான 7,200 ரூபாய், கோட்டுக்கும் பாலியெஸ்டர் சட்டைகளுக்கும் போயிற்று. அந்த நான்கு உருப்படிகளையும் சேர்த்து நான் உடுத்தியது 38 முறைதான். ஒன்று அச்சத்தால் வாங்கியது; மற்றது வெட்கத்தால் வாங்கியது. தேவையால் வாங்கியவை மட்டுமே உழைத்தன.

அப்பா ஓரத்தில் செருகிய உள்பனியன்களோ 84 நாட்கள் என் உடம்பில் இருந்தன. அவற்றுக்கு விலை எழுத எனக்கு மனம் வரவில்லை.

குளிரும் காற்றும்

தடித்த கோட்டு ஏன் பயன்படவில்லை? உள்பனியன் ஏன் பயன்பட்டது? இதற்கு விஞ்ஞானம் தெளிவான விடை தருகிறது.

உடை நமக்கு வெப்பம் தருவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது உடம்பு. அது வெளியே ஓடிவிடாமல் தடுப்பதே உடையின் வேலை. அதையும் பெரும்பாலும் நூல் செய்வதில்லை. நூல்களுக்கு இடையே சிறைப்பட்ட காற்றே செய்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். நீர் அதைப்போல் ஏறத்தாழ 24 மடங்கு கடத்தும். எனவே காற்றைப் பிடித்து வைக்கும் உடை காக்கும். வியர்வையில் நனைந்த உடை நம்மைக் கைவிட்டுவிடும்.

உடையின் வெப்பக் காப்பை அளப்பதற்கு 'குளோ' என்னும் அலகு 1941-இல் வகுக்கப்பட்டது. காற்று மெல்ல அசையும் 21 டிகிரி செல்சியஸ் அறையில், ஓய்வாக அமர்ந்திருப்பவர் இதமாக உணர்வதற்கு வேண்டிய உடையின் காப்பே ஒரு குளோ. ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தும் ஆடைகளின் காப்பு, ஏறக்குறைய ஒன்றோடொன்று கூடிவிடும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒரு காற்றுப் படலம் சேர்வதையும் மறவாதீர். ஆகவே தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று மேல்.

தில்லியின் இயல்பும் இதையே வேண்டுகிறது. ஜனவரியில் இரவின் வெப்பநிலை பொதுவாக 7, 8 டிகிரிக்கு இறங்கும். வெயில் காயும் நண்பகலில் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். எங்கள் ஊரில் மார்கழி விடியலுக்கும் ஒரு போர்வை போதும். இங்கோ ஒரே நாளில் இரண்டு பருவங்கள்! காலை எட்டு மணிக்குக் கோட்டு அணிந்து விரைந்து நடந்தால், வகுப்பை அடைவதற்குள் உள்ளே வியர்க்கும். கழற்றினால் மெல்லிய சட்டை மட்டுமே. ஈரச் சட்டையோடு நடுங்க வேண்டும். டிசம்பரில் அவ்வாறு நடுங்கியே ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். காய்ச்சல் கிருமியால் வருவது என்று மருத்துவர் திருத்தினார். ஆனால் அந்த வாரத்திற்குப் பிறகுதான் உள்பனியன், சட்டை, கையில்லா ஸ்வெட்டர் என அடுக்கி உடுத்தத் தொடங்கினேன். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மாலையில் திரும்ப அணியலாம்.

கம்பளியை அறிவது

என் முழுக்கை ஸ்வெட்டரை 'தூய கம்பளி' என்று சொல்லி விற்றார் ஒரு கடைக்காரர். ஆய்வுக்கூடத்தில் அதன் ஓரத்து நூலிழை ஒன்றை இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டினேன். அது உருகிக் கரிய மணிபோல் இறுகிற்று. கம்பளியாக இருந்தால் முடி பொசுங்கும் நாற்றம் வரும்; சாம்பல் விரலிடையே பொடியாகும். பருத்தியாக இருந்தால் காகிதம் எரியும் மணம் வரும். உருகி இறுகினால் அது அக்ரிலிக், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. அக்ரிலிக் கெட்டதன்று, அதுவும் குளிர் காக்கும். ஆனால் கம்பளியின் விலையைக் கொடுத்து அதை வாங்கியது என் பிழை.

கம்பளிக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. பொதுவான ஈரப்பதத்தில் அது தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். பருத்தி ஏறத்தாழ 8 விழுக்காடு. பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்காதீர்கள். அதன் இழைமேல் உள்ள செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, உடை சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, தொங்கவிடாமல் விரித்துக் காய வையுங்கள். குளிர்காலம் முடிந்ததும் துவைக்காமல் பெட்டியில் வைப்பதும் தவறு. அழுக்குப் படிந்த கம்பளியே பூச்சிக்கு விருந்து.

வெயிலில் இருவகை

'வெயில் நமக்குப் பழகியதுதானே' என்று நான் இறுமாந்திருந்தேன். மே மாதம் என் இறுமாப்பை அடக்கிற்று. தில்லியின் கோடையில் வெப்பநிலை 40 டிகிரியைக் கடந்து செல்லும். 'லூ' என்னும் அனல்காற்று வீசும். காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே ஆவியாகும். அப்போது வெயில் தோலில் படாதபடி தளர்ந்த முழுக்கைப் பருத்திச் சட்டையும் தலைக்கு ஒரு துணியும் வேண்டும். ஜூன் இறுதியில் மழை வந்தபின் நிலை மாறும். காற்றில் ஈரம் மிகுவதால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே தங்கும். அப்போது மெல்லிய அரைக்கைச் சட்டையே சுகம். என் பாலியெஸ்டர் சட்டைகள் இவ்விரு காலத்திலும் அலமாரியிலேயே உறங்கின. அறைக்குள் எனக்குத் துணை நின்றது வேட்டி ஒன்றே.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பாடம்

பிப்ரவரி மாதம் ஒரு நாள், பாலியெஸ்டர் சட்டை அணிந்து ஆய்வுக்கூடம் சென்றேன். மேலங்கியின் கைகளைச் சுருட்டி விட்டிருந்தேன். சூடேறிய மின்தட்டின்மேல் சட்டைக் கை பட்டது. பாலியெஸ்டர் 250, 260 டிகிரியளவில் உருகும். தட்டின் சூடு அதற்கும் மேல். உருகிய இழை மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. அரைக் காசளவு வடு இன்னும் இருக்கிறது. பருத்தியும் தீப்பற்றும்; ஆனால் உருகித் தோலில் ஒட்டாது. வேதியியல் பயிலும் தோழர் தோழியரே! ஆய்வுக்கூடத்திற்குப் பருத்தி உடை, மூடிய காலணி, பொத்தான் இட்ட மேலங்கி, கட்டிய கூந்தல் ஆகியவற்றோடு செல்லுங்கள். அழகு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கில் அடங்காதவை

கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொங்கலன்று நம் சங்க விழாவில் உடுத்திய பட்டுக்கரை வேட்டியை ஆண்டு முழுதும் ஒரே முறைதான் உடுத்தினேன். அதை வீண் என்று எழுத என் கை எழவில்லை. எல்லா உடையும் உடம்புக்காக மட்டும் இல்லை.

வெட்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 1921 செப்டம்பர் 22 அன்று நம் மதுரையில்தான் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். அவ்வுடையோடும் ஒரு போர்வையோடும் 1931-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் சென்று வந்தார். நாம் அவரைப்போல் உடுத்த வேண்டுவதில்லை. ஆனால், பிறர் சிரிப்புக்காக அன்றித் தாம் எண்ணித் துணிந்ததற்காக உடுத்தினார் அல்லவா? அத்துணிவில் சிறுதுளி எனக்கு இருந்திருந்தால் 2,400 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

வரும் ஆண்டுக்கு

இவ்வாண்டு என் திட்டம் இதுதான். பருத்திச் சட்டை இரண்டு, 1,200 ரூபாய். காற்றுப் புகாத மெல்லிய மேற்சட்டை ஒன்று, 1,500. பழந்துணிச் சந்தையில் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று, 800. கிழிசல் தைக்கவும் பொத்தான் மாற்றவும் 500. ஆக 4,000 ரூபாய். அப்பா வாங்கிய கோட்டு நீங்கலாகச் சென்ற ஆண்டு நான் செலவிட்டது 8,850. மீதமாகும் 4,850 தங்கைக்குச் சேரும். புதியது எதையும், உள்ளதைக் கட்டிலில் பரப்பிப் பார்க்காமல் வாங்குவதில்லை. குளிர்கால உடைகளை அக்டோபரில் அச்சத்தோடு வாங்காமல், இரண்டு வாரக் குளிரைப் பார்த்த பின்பே வாங்குவது.

புதிதாக வந்தோரே! உங்களுக்கும் அதையே சொல்வேன். முதல் மாதத்தில் ஒன்றும் வாங்காதீர்கள். முதலில் நம் அறைகளுக்கு வந்து பாருங்கள், கேளுங்கள்.

சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. படிப்பு முடித்துத் தெற்கே திரும்பும் அண்ணன் அக்காமார், இனித் தமக்குப் பயன்படாத கம்பளி உடைகளைச் சங்க அறையில் ஒரு பெட்டியில் விட்டுச் செல்லட்டும். புதிதாய் வருவோர் குளிர்காலத்திற்கு எடுத்து உடுத்தி, துவைத்துத் திரும்ப வைக்கட்டும். கடன் வாங்கிக் கோட்டு வாங்கும் தகப்பன்மார் அதனால் சிலரேனும் குறைவர்.

அப்பெட்டிக்கு முதல் உருப்படி என் கோட்டு. குளிர்காலம் முழுதும் அப்பா தொலைபேசியில், 'கோட்டுப் போட்டுக்கறயா சாமி?' என்று கேட்பார். நானும் 'போட்டுக்கறேன்பா' என்றே சொல்லி வந்தேன். சென்ற வாரம் கணக்கேட்டைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். பதினொரு நாள் கோட்டு, எண்பத்து நான்கு நாள் உள்பனியன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, 'அப்ப தையல் நல்லா இருந்துச்சா?' என்று கேட்டார். 'ஒரு நூல்கூடப் பிரியலப்பா' என்றேன். 'செரி, தீவாளிக்குள்ள இன்னும் ரெண்டு தெச்சு அனுப்பறேன்' என்றார்.

புதிய ஏட்டின் முதல் பக்கத்தில் அந்த இரண்டையும் எழுதி வைத்துவிட்டேன்.