சத்தம் எங்கே மாறுகிறது? சிடி பிளேயர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் பல வீடுகளில் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு டிவிடி பிளேயர் இன்னும் கிடக்கிறது. பக்கத்திலேயே ஒரு அடுக்கு சிடி. தூக்கிப் போடவும் மனசு வராது, போட்டுக் கேட்கவும் நேரம் வராது. என்றாவது எடுத்துத் தூசி தட்டும்போது பழைய வாதமும் கூடவே கிளம்பும்: எந்த பிளேயரில் சத்தம் நன்றாக இருக்கும்? ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பாட்டுக்குப் பாட்டு, வீட்டுக்கு வீடு சத்தம் மாறுவது மெய்தான். ஆனால் அந்த வித்தியாசத்துக்குக் காரணமென்று நாம் பிடித்துவைத்திருக்கும் ஆள்தான் பெரும்பாலும் தப்பான ஆள்.

நம்பிக்கை: விலை கூடின பிளேயரின் தெளிவு மலிவான பிளேயருக்கு வராது.

உண்மை: சிடியில் இருப்பது வெறும் எண்கள். இடது, வலது ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். கோளாறில்லாத எந்த பிளேயரும் ஒரே எண்களைத்தான் படிக்கும். அவற்றை மின் அலையாக மாற்றும் சிப்பிலும் அதற்கடுத்த சர்க்யூட்டிலும்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாற வழியுண்டு.

தொடக்கத்தில் அந்த மாற்றம் நிஜமாகவே இருந்தது. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சிடிபி-101, ஒரே சிப்பை இடதுக்கும் வலதுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. பிலிப்ஸின் முதல் பிளேயரில் இருந்தது 14 பிட் சிப். பிறகு சிப்புகள் மலிந்தன, தரமும் ஏறியது. இன்று சாதாரண பிளேயரின் குறைகள்கூட, ஏதாவது பழுது இல்லாதவரை, காதுக்கு எட்டுவது அபூர்வம்.

பின்னே கடையில் போட்டுக் காட்டும்போது ஒன்று பளிச்சென்று கேட்கிறதே? பெரும்பாலும் அது சத்தத்தின் அளவு. ஒரு பிளேயர் 2 வோல்ட் தரும், இன்னொன்று 1.5 வோல்ட் தரும். இரண்டுக்கும் நடுவே 2.5 டெசிபல் வித்தியாசம். கூடுதல் சத்தத்தைக் காது ‘சத்தம்’ என்று சொல்லாது, ‘தெளிவு’ என்று சொல்லும்.

நம்பிக்கை: காது பழகியவருக்குக் கேட்டவுடனே தெரிந்துவிடும்.

உண்மை: தெரிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரே சிடி இரண்டு, பிளேயர் இரண்டு, ஆம்ப் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று போதும். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலோ வேறு கல்லூரியிலோ எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளை தெருவில் ஒன்றாவது இருக்கும்; மீட்டரும் அந்தப் பிள்ளையிடம் இருக்கும். 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இரண்டு வெற்று டிஸ்க்கில் பதிந்து போட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை அளந்துகொள்ளுங்கள். ஒன்று 2.00 காட்டினால் மற்றதையும் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவில் கொண்டுவர வேண்டும். பிறகு ஒருவர் மறைவாக நின்று காசு சுண்டிப் பிளேயரை மாற்ற, மற்றவர் எது ஓடுகிறதென்று சொல்ல வேண்டும். 16 தடவையில் 12 சரியென்றால் உங்கள் காதுக்கு ஏதோ கேட்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் அவ்வளவு சரியாக வர நூற்றுக்கு நாலுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. எட்டு, ஒன்பதில் நின்றுவிட்டால் அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

1999-ல் வந்த எஸ்ஏசிடி என்ற உயர்தர டிஸ்க் சாதாரண சிடியை மிஞ்சிவிட்டது என்ற பேச்சுக்கும் இந்த வகைச் சோதனைதான் பதில் சொன்னது. அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தரப் பதிவை நேராகவும், நடுவில் சிடி தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 2007-ல் வெளியான முடிவு: 554 முறையில் 276 சரி. காசு சுண்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான் வந்திருக்கும்.

நம்பிக்கை: 150 பாட்டு டிஸ்க்கும் சிடிதான், நல்ல பிளேயரில் போட்டால் நல்லாவே கேட்கும்.

உண்மை: பஸ் ஸ்டாண்டு கடைகளில் விற்ற அந்த டிஸ்க் எம்பி3 டிஸ்க். 700 எம்பியை 150-ஆல் வகுத்தால் பாட்டுக்கு ஐந்து எம்பிகூடக் கிடைக்காது. அதே ஐந்து நிமிடப் பாட்டு ஆடியோ சிடியில் 50 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். சுருக்கும்போது கழித்துக்கட்டியதை எந்த பிளேயராலும் திருப்பித் தர முடியாது. சுருக்குவதே தப்பு என்று அர்த்தமில்லை. 256, 320 கிலோபிட்டில் ஒழுங்காகச் சுருக்கிய பாட்டைப் பெரும்பாலானவர்களால் அடையாளம் காண முடியாது. 128 கிலோபிட்டிலும் அதற்குக் கீழேயும் போனால்தான் ஜால்ராவும் கைத்தட்டலும் நீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் குழையும்.

நம்பிக்கை: காப்பி போட்டால் சத்தம் குறையும்.

உண்மை: கேசட்டுக்கு அது சரி, ஒவ்வொரு காப்பியிலும் இரைச்சல் ஏறும். சிடியிலிருந்து பிழையில்லாமல் எடுத்த காப்பியில் அதே எண்கள்தான் இருக்கும், சத்தமும் அதேதான். எம்பி3-ஐ விரித்து ‘ஆடியோ சிடி’யாக எழுதித் தந்தார்களானால், குறை காப்பியில் வந்ததல்ல, மூலத்திலேயே இருந்தது.

நம்பிக்கை: கீறல் விழுந்த சிடியில் சத்தம் மங்கும், ஓரத்தில் பச்சை மார்க்கர் பூசினால் தெளியும்.

உண்மை: இரண்டும் இல்லை. 1960-ல் ரீடும் சாலமனும் வகுத்த கணக்கின் அடிப்படையில் சிடிக்குள்ளேயே பிழை திருத்தம் உண்டு. தடத்தில் சுமார் 2.5 மி.மீ. நீளம் அழிந்துபோனாலும் அந்த எண்களை அது அப்படியே மீட்டுவிடும். அதைவிடச் சற்று நீண்டால் பக்கத்து எண்களை வைத்து ஊகித்து நிரப்பும்; அதையும் தாண்டினால் பாட்டு துள்ளும், சிக்கும், நிற்கும். ‘கொஞ்சம் மங்கலாக’ ஓடாது. மார்க்கர் வைத்தியம் உலகம் முழுக்கச் சுற்றிய கதை. எண்கள் அதனால் மாறுவதில்லை.

பலர் கவனிக்காத இடம் டிஸ்க்கின் மேல்பக்கம். அடியில் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் காவல் உண்டு. லேபிள் பக்கத்திலோ அலுமினியப் பூச்சுக்கு மேல் ஒரு மெல்லிய வார்னிஷ்தான். பால்பாயிண்ட் பேனாவால் அதில் அழுத்திப் பெயர் எழுதினால் பாட்டின் மேலேயே கோடு கிழித்த மாதிரி. சிடியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், திருத்தத்துக்கு அடங்காது.

நம்பிக்கை: பாட்டு நன்றாக இல்லையென்றால் பிளேயரை மாற்ற வேண்டும்.

உண்மை: குறை பெரும்பாலும் சிடியின் பதிப்பில் இருக்கும். இளையராஜா ரசிகர்கள் ‘ஓரியண்டல் பதிப்பா, பிரமிட் பதிப்பா’ என்று சிடி கம்பெனிகளின் பெயரைச் சொல்லி வாதாடுவதில் நியாயம் இருக்கிறது. அவர் இசையமைத்த ‘அன்னக்கிளி’ படம் 1976-ல் வந்தது. அப்போது சிடியே இல்லை. அந்தப் படத்தின் பாட்டு சிடியில் இருக்கிறதென்றால், டேப்பிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ பின்னால் ஒருவர் மாற்றிக் கொடுத்தது. எந்த டேப், எந்தக் கை, எவ்வளவு பேஸ் கூட்டினார், இரைச்சலை நீக்குகிறேன் என்று வயலினின் மேல்சுரத்தையும் சேர்த்துச் சீவினாரா என்பதெல்லாம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ‘ரீமாஸ்டர்’ என்று அச்சிட்டிருப்பதாலேயே சிறந்ததாகிவிடாது. சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றியதில் மெல்லிய இடத்துக்கும் ஓங்கிய இடத்துக்குமான வேறுபாடு தட்டையாகியிருக்கலாம். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டு பதிப்பையும் திறந்து பாருங்கள். ஒன்றில் ஏற்ற இறக்கம் தெரியும், மற்றதில் அலை முழுக்க ஒரே உயரத்தில் செங்கல் சுவராக நிற்கும். இதைச் சரிசெய்யும் பிளேயர் எந்த விலையிலும் கிடையாது.

நம்பிக்கை: ஸ்பீக்கர் எங்கே இருந்தால் என்ன, பெரிய பாக்ஸாக இருந்தால் போதும்.

உண்மை: சத்தம் அதிகமாக மாறும் இடம் இதுதான். நம் வீட்டு ஹால் பெரும்பாலும் கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், ஒரு பீரோ. நடுவில் நின்று ஓங்கி ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். ‘ட்ரிங்’ என்று வால் நீண்டால், பாடகரின் ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் அதே வால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரண்மேல் மூலையில் திணித்த பாக்ஸில் பேஸ் வீங்கும், வார்த்தை அமுங்கும்.

ஆகவே செலவு செய்கிறவர்கள் இந்த வரிசையில் செய்யலாம். முதலில் ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுத்து, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை. பிளேயர் மெனுவில் ‘3டி’, ‘கரோக்கே’ எஃபெக்ட் இருந்தால் அணையுங்கள். அடுத்து நல்ல பதிப்புச் சிடியைத் தேடுங்கள். அதற்கப்புறமும் கையில் பணமிருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள். பிளேயரை மாற்றுவது, அது டிஸ்க்கைப் படிக்க மறுக்கும்போதும், பாட்டில்லாத இடத்திலும் ‘ம்ம்’ என்று இரையும்போதும் யோசிக்க வேண்டிய செலவு.