வேலையில் இருந்துகொண்டே எம்.பி.ஏ.: தேர்ந்தெடுப்பது எப்படி?

முப்பது வயதைத் தாண்டி எம்.பி.ஏ. படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எந்தக் காலேஜ் நல்லது?” என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். அதற்கு முன் தீர்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

1. எதற்காக?

பதவி உயர்வுக்குப் பட்டம் தகுதியாக இருந்தால் போதும் என்றால், தொலைநிலைக் கல்வியோ ஆன்லைன் படிப்போ உதவும். துறையே மாற வேண்டுமென்றால் கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் முழுநேரப் படிப்பைப் பாருங்கள். எந்த முறையில் படித்த பட்டத்தை ஏற்பார்கள் என்று உங்கள் ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்கள் சேரும் முன்பே துறை அனுமதி பெறுவது நல்லது.

2. பட்டமா, டிப்ளமாவா, சான்றிதழா?

எம்.பி.ஏ. என்பது பட்டம், பி.ஜி.டி.எம். என்பது டிப்ளமா. ஐ.ஐ.எம்.களே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை டிப்ளமாதான் கொடுத்துவந்தன. தனியார் நிறுவனங்களின் பி.ஜி.டி.எம். படிப்புக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உண்டா என்று பாருங்கள். பின்னாளில் பிஎச்.டி. செய்யும் எண்ணமிருந்தால், அது எம்.பி.ஏ.வுக்கு இணையாக ஏற்கப்பட்டதா என்றும் விசாரியுங்கள். பெரிய நிறுவனங்களின் பெயரில் ஆன்லைனில் விற்கப்படும் பல ‘எக்ஸிகியூட்டிவ்’ படிப்புகள் வெறும் சான்றிதழ்கள். அறிவுக்கு உதவலாம், ‘முதுகலைப் பட்டம்’ என்ற கட்டத்தை நிரப்ப உதவாது.

3. எந்த வடிவம்?

வேலையை விட முடிந்தால் ஹைதராபாத் ஐ.எஸ்.பி., மாமல்லபுரம் அருகேயுள்ள கிரேட் லேக்ஸ் போன்ற இடங்களில் அனுபவசாலிகளுக்கான ஓராண்டுப் படிப்புகள் உள்ளன. விட முடியாதவர்களுக்கு வார இறுதி வகுப்புகள் உண்டு, திருச்சி ஐ.ஐ.எம். சென்னையில் அப்படி ஒன்றை நடத்துகிறது. செலவு குறைய வேண்டுமென்றால் இக்னோ, சென்னைப் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி போன்றவை.

4. அங்கீகாரம்

தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தர வேண்டும். அதன் இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பும் கல்வியாண்டும் பட்டியலில் இருக்க வேண்டும். முறையான அனுமதியோடு பெறும் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று 2022-இல் யு.ஜி.சி. தெளிவுபடுத்தியது. வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டடி சென்டர்’ என்று போர்டு தொங்கினால் உள்ளே போகாதீர்கள்: மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்தக் கூடாது. ஆன்லைன் படிப்புக்கு இந்த எல்லை கிடையாது.

5. பணமும் நேரமும்

ஃபீஸோடு, வேலையை விட்டால் இழக்கும் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்கள் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை விலக்குக் கோரலாம், அசலுக்குக் கிடையாது. தேர்வு அட்டவணையை வாங்கி, ஆபீஸில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு போன்ற நெருக்கடி நாட்களோடு மோதுகிறதா என்று பாருங்கள்.

6. நுழைவுத் தேர்வு

கேட் மதிப்பெண் ஓராண்டுக்கும், ஜிமேட் ஐந்தாண்டுக்கும் செல்லும். எப்போது சேர்வது என்று முடிவாகாதவர்களுக்கு ஜிமேட் வசதி.

7. கடைசியாக, காலேஜ்

தேறியவற்றில் உங்கள் துறையிலிருந்து சென்று படித்து முடித்த இரண்டு பேரைத் தேடிப் பேசுங்கள். “இன்றோடு சலுகை முடிகிறது” என்று போனில் அவசரப்படுத்தும் கவுன்சிலருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. தொலைநிலை, ஆன்லைன் சேர்க்கை பெரும்பாலும் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை வரும். சந்தேகம் தீராவிட்டால் ஆறு மாதம் பொறுத்துச் சேரலாம்.